கம்பிக்கு உறை தந்த மண்



தீபாவளித் திருநாள் நெருங்கும் வேளையில் மலாக்காவின் தாமான்களில் இப்போதெல்லாம் ஒரு புதிய வேலை நடைபெறுவதைக் காண்கிறோம். பலகாரம் சுடும் மணம் ஒருபுறம் இருக்க, மறுபுறம் ஏணிமேல் ஏறி நின்று வேலியிலும் கூரை விளிம்பிலும் விளக்குச் சரம் கட்டும் இளைஞர்களைப் பார்க்கிறோம். இவை பழைய வண்ணச் சரங்கள் அல்ல. ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே நிறம் மாறக்கூடியது. சுவரில் மயில் தோகை விரிக்கும். கோலம் ஒன்று புள்ளி புள்ளியாக எழுந்து மறையும். என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் தொழிற்கல்வி கற்ற சிலர் இக்கலையில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“ஐயா, வாசல்வரை விளக்கெல்லாம் சொன்னபடி கேட்கிறது. வாசலைத் தாண்டி மாமரத்துக்குக் கம்பியை நீட்டினால் விளக்குகள் கண்டபடி சிமிட்டுகின்றன. மின்சாரம் போகிறது, செய்தி மட்டும் போகவில்லை. ஏன்?”

இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய மலாயாக் காடுகளுக்கும், அதன்பின் நம் முன்னோர் வியர்வை சிந்திய பால்மரக் காடுகளுக்கும் அழைத்துச் செல்கிறது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்குகளின் ஊர்

மலாக்கா பல இனத்தாரின் விளக்குகள் எரியும் ஊர். 1781-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தில் மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றி வருகின்றனர். நோன்பு மாதத்தின் இறுதி இரவுகளில் மலாய்க் கம்பங்களில் ‘பெலித்தா’ எனும் எண்ணெய் விளக்குகள் வரிசையாக ஒளிரும். உஜோங் பாசிரில் 1930-களில் உருவான போர்த்துகீசியக் குடியிருப்பிலோ, டிசம்பர் மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மின்விளக்கு அலங்காரம்தான். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் அங்கே திரண்டு வருவர்.

பண்டிகைக்கு வீட்டில் மின்விளக்குச் சரம் கட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் என்பர். 1882-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கிலிருந்த தம் வீட்டில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 சிறு விளக்குகளைக் கையாலேயே கம்பியில் கோத்து ஒரு மரத்தில் அவர் சுற்றினார். அன்று தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், விளக்குச் சரத்தில் ஓடியது மின்சாரம் மட்டுமே. எல்லாம் எரியும், அல்லது எல்லாம் அணையும். தனியொரு விளக்குக்கு ‘நீ பச்சையாகு’ என்று சொல்ல வழியில்லை.

மூன்றாவது கம்பி

இன்று கடைகளில் கிடைக்கும் ‘பிக்சல்’ விளக்குச் சரத்தைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மூன்று கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. மூன்றாவது, தரவுக் கம்பி. அதில் ஓடுவது ஆற்றலன்று, சொல்.

ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு சிறு சில்லு உண்டு. டபிள்யூ.எஸ். 2811, டபிள்யூ.எஸ். 2812 என்னும் பெயர்களில் 2010-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து பரவிய சில்லுகள் இவற்றுள் புகழ்பெற்றவை. இவை வேலை செய்யும் முறை, பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றுத் தூக்கைக் கைமாற்றிக்கொள்வது போன்றது. முதலில் இருப்பவர் தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தருகிறார். அவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தருகிறார். விளக்கின் பங்கு 24 துணுக்குகள்: சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8. ஒரு வினாடிக்கு 8 லட்சம் துணுக்குகள் என்னும் வேகத்தில் இவை ஓடுகின்றன. 100 விளக்குகளுக்கும் நிறம் சொல்லி முடிக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரமே போதும்.

துணுக்கு என்பது மின்னழுத்தத்தின் ஒரு துடிப்பே. துடிப்பு சற்று நீண்டால் ‘ஒன்று’, குறுகினால் ‘சுழியம்’. இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே, துடிப்பின் விளிம்பு கூர்மையாக இருந்தாக வேண்டும். நீண்ட கம்பியில் அந்தக் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய துடிப்பை முதல் விளக்கு தவறாகப் படித்தால், அதற்குப் பின்னால் இருப்பவை அனைத்தும் தவறாகவே படிக்கும். மாமரத்து விளக்குகள் கண்டபடி சிமிட்டுவதன் காரணம் இதுவே.

கடலுக்கடியில் கிடைத்த பாடம்

கம்பி நீண்டால் சொல் மழுங்கும் என்ற உண்மையை உலகம் அறிந்துகொண்டது 1850-களில். அந்த அறிவு பிறப்பதற்குத் துணைநின்ற பொருள் நம் தீபகற்பத்துக் காடுகளிலிருந்து போனது என்பதுதான் வியப்பு.

தந்திக் கம்பியைத் தரையில் கம்பங்களின்மீது கட்டலாம். கடலுக்குள் போட வேண்டுமானால் தண்ணீர் புகாத உறை ஒன்று வேண்டும். மலாய்க்காரர்கள் ‘கெத்தா தாபான்’ என்று அழைத்த மரத்தின் பாலைத் தங்கள் பாராங் கத்திகளுக்குக் கைப்பிடி செய்யப் பயன்படுத்தினர். வெந்நீரில் இட்டால் குழையும், ஆறினால் கெட்டிப்படும், கடல்நீரில் கெடாது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதன் மாதிரிகளை 1843-இல் லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கிலேயர் இதனைக் ‘குட்டா பெர்ச்சா’ என்றனர். மின்சாரம் கசியாதபடி காக்கும் இதன் இயல்பை மைக்கேல் ஃபாரடே 1848-இல் எழுதி வெளிப்படுத்தினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட கம்பிக்கு இப்பாலே உறையாயிற்று.

அப்போதுதான் புதிய சிக்கல் முளைத்தது. உறையிட்ட கம்பி, நீர் சூழ்ந்த நிலையில், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் சாடிபோல் நடந்துகொண்டது. இம்முனையில் கூர்மையாகத் தட்டிய துடிப்பு, அம்முனையில் இழுபட்டு மெதுவாக எழுந்து மெதுவாகத் தணிந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், 1854-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். கம்பியின் நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பதே அவர் கண்ட விதி.

அதைப் பொருட்படுத்தாதவர்களும் இருந்தனர். 1858-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து போடப்பட்ட முதல் கம்பியில், விக்டோரியா மகாராணியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர், மின்னழுத்தத்தைக் கூட்டினால் செய்தி விரைவாகப் போகும் என்று நம்பி ஏறத்தாழ 2000 வோல்ட் வரை ஏற்றினார். சில வாரங்களிலேயே கம்பி ஊமையாகிவிட்டது. ‘கேளாத காதில் உரக்கக் கத்துவதால் பயனில்லை, தெளிவாகப் பேச வேண்டும்’ என்பதே அட்லாண்டிக் கற்பித்த பாடம். 1866-இல் தாம்சனின் வழியைப் பின்பற்றிப் போட்ட கம்பி நிலைத்து நின்றது.

இதன் தொடர்ச்சியாகச் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூருக்கும் 1870-ஆம் ஆண்டின் இறுதியில் கடற்கம்பி போடப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பல நாள் அலைகடலில் தத்தளித்து வந்த அதே வழியில், வணிகர்களின் விலைவாசிச் செய்திகள் நிமிடங்களில் பறந்தன.

வெட்டப்பட்ட மரமும் கீறப்பட்ட மரமும்

இந்தக் கம்பிகளுக்காக மலாயாவின் காடுகள் கொடுத்த விலை பெரிது. தாபான் மரத்தின் பால் விரைவில் உறைந்துவிடும். கீறிவிட்டு மங்கில் பிடிக்க இயலாது. எனவே, மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையம் வளையமாக அறுத்துப் பால் எடுத்தனர். முழு மரம் ஒன்றை வீழ்த்தினாலும் கிடைத்தது சிறிதளவே. 1850-களிலேயே சிங்கப்பூரில் அம்மரம் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. பின்பு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று கோடரிகள் நகர்ந்தன.

அடுத்து வந்தது பிரேசில் நாட்டுப் பால்மரம். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்குள்ள தாவரத் தோட்டத்துக்குத் தலைமையேற்றிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890-களில் கண்டறிந்தார். அவருடைய சொல்லை நம்பி 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டவர் டான் சாய் யான். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டமாக அது கருதப்படுகிறது. பின்னர் அவர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் கண்டார். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் அழைத்து வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரையில் இறங்கினர்.

அவர்கள் எடுத்த பாலில் பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்குப் போனது. இன்னொரு பகுதி எங்கே போனது என்பதை நாம் பாடநூல்களில் அதிகம் சொல்வதில்லை. அது மின்கம்பிகளுக்குப் போனது. பிளாஸ்டிக் உறை பரவலாகும்வரை, அதாவது ஏறத்தாழ 1950-கள்வரை, உலகெங்கும் வீடுகளின் சுவருக்குள் ஓடிய மின்கம்பிகள் பெரும்பாலும் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பராலேயே போர்த்தப்பட்டிருந்தன. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒருவர் விசையைத் தட்டி அறையை வெளிச்சமாக்கியபோது, அவர் கை சுடாமல் காத்ததில் ஏதோ ஒரு தோட்டத்துப் பாலுக்கும் பங்கிருந்தது.

கடைசியில் வந்த வெளிச்சம்

அப்படியானால், பால் எடுத்தவரின் வீட்டில் எப்போது வெளிச்சம் வந்தது?

மலாயாவின் மின்சார வரலாற்றின் முதல் ஏட்டிலேயே ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. 1894-இல் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலைத் திருத்தலத்தையும் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதாம் அவர். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. வாரியத்தின் கம்பிகள் நகரிலிருந்து கம்பத்துக்கு நடந்தன. ஆனால், தோட்டத்து வாயிலில் வந்து நின்றுவிட்டன. தோட்டம் தனியார் நிலம் என்பதால், நாட்டுப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் அதற்குள் நுழையவில்லை.

துரை பங்களாவிலும் ஆலையிலும் மின்விளக்கு எரிய, லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு புகைந்துகொண்டிருந்த தோட்டங்கள் பல. பின்னர் தோட்டத்து இயந்திரத்திலிருந்து மாலையில் சில மணி நேரம் மின்சாரம் கிடைத்தது. நான் வளர்ந்த லயத்தில் மாலை ஏழு மணிக்கு வரும் மின்சாரம் இரவு பத்து மணிக்குப் போய்விடும். தேர்வுக் காலத்தில் எங்கள் படிப்பை முடிவு செய்தது அந்த இயந்திரம்தான். தீபாவளி முன்னிரவில் மட்டும் நேரம் நீட்டப்படும். அதுவே எங்களுக்குத் திருநாளின் பெரும்பரிசு. பணியாளர்களுக்கு வீடு கொடுக்கும் முதலாளி, குழாய் நீரும் போதிய மின்சாரமும் தந்தாக வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அதற்குள் பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நடும் காலம் வந்துவிட்டது. லயங்களை விட்டுப் பலர் தாமான்களுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டனர்.

உலகத்துக் கம்பிகளுக்கு உறை தந்த மக்களின் வீட்டுக்குக் கம்பி வந்து சேர இரண்டு மூன்று தலைமுறைகள் ஆயின. இதனை நான் பழம்பகை பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை. மின்னணுவியல் என்பது யாரோ எங்கோ கண்டுபிடித்து நமக்கு விற்கும் பொருள், நாம் வாங்கிப் பொருத்துபவர் மட்டுமே என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் படிந்திருக்கிறது. அது முழு உண்மை அன்று என்பதற்காகவே சொல்கிறேன்.

மாமரத்துக்குச் செய்தி அனுப்பும் முறை

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். முதலில் நோயை இனம் காண வேண்டும். சரத்தின் கடைசியில் வெள்ளை நிறம் மஞ்சளாகி, சிவந்து போனால், குறை தரவுக் கம்பியில் இல்லை. மின்னழுத்தம் வழியில் குறைந்துவிட்டது என்று பொருள். நீலமும் பச்சையும் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். ஆகவே நீலமும் பச்சையும் மங்கிவிடச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. 5 வோல்ட் சரத்தில் முழு வெள்ளையில் எரியும் 100 விளக்குகள் 6 ஆம்பியர்வரை இழுக்கும். தடித்த கம்பியில் இடையிடையே மின்சாரம் ஊட்டுவதே இதற்கு மருந்து.

நிறம் சரியாக இருந்தும் கண்டபடி சிமிட்டினால், அது தரவின் குறை. ஒயிட்ஹவுஸ் செய்ததுபோல் வோல்ட்டை ஏற்றிப் பார்க்காதீர்கள், சில்லு கருகிவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டியை முதல் விளக்குக்கு மிக அருகில் வையுங்கள். பெட்டி 3.3 வோல்ட்டில் பேசி, விளக்கு 5 வோல்ட்டை எதிர்பார்த்தால், இடையில் மட்டம் உயர்த்தும் சில்லு ஒன்று வேண்டும். பெட்டிக்கும் விளக்குக்கும் தரைக்கம்பி பொதுவாக இருத்தல் வேண்டும். பொதுவான அளவுகோல் இல்லாத இருவர் உயரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை அல்லவா?

வாசலைத் தாண்டிப் பல மீட்டர் தொலைவு போக வேண்டுமானால், முறுக்கிய இணைக்கம்பியைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசி கண்ட கிரகாம் பெல். இரண்டு கம்பிகளில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். மறுமுனையில் இருப்பவர் இரண்டின் வேறுபாட்டை மட்டும் பார்ப்பார். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரேயளவு புகுவதால், கழித்துப் பார்க்கையில் மறைந்துவிடும். 1983-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 485 என்னும் தரமும், 1986-இல் மேடை விளக்குகளுக்காக அமைந்த டி.எம்.எக்ஸ். 512 என்னும் முறையும் இக்கொள்கையில் எழுந்தவையே. கணினி வலைக்குப் பயன்படும் சாதாரணக் கம்பியில் இத்தகைய நான்கு இணைகள் உள்ளன. ஒரு முனையில் அனுப்பும் பலகையும் மறுமுனையில் பெறும் பலகையும் வைத்தால், மாமரம் என்ன, தெருக்கோடிவரை செய்தி தெளிவாகப் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தீபாவளி பெரும்பாலும் இடிமழைக் காலத்தில் வருகிறது. விளக்குகள் 5 அல்லது 12 வோல்ட்டில் எரிந்தாலும், அவற்றுக்கு ஊட்டும் பெட்டிக்குள் வருவது 230 வோல்ட். அதை மழை படாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நிலையான இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று கடற்கம்பிக்குள் ஓடுவது ஒளி. உறையாக இருப்பது காட்டுப்பால் அன்று, பாலிஎத்திலீன். ஆனால் வழி மாறவில்லை. தென்கிழக்காசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்து 2005-இல் செயல்படத் தொடங்கிய ‘சீமிவீ 4’ என்னும் கடற்கம்பி, மலேசியாவில் கரையேறிய இடம் நம் மலாக்கா. இந்தியாவில் அது கரையேறிய இடங்களுள் ஒன்று சென்னை. கம்பியின் கதையில் நம் ஊர் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

விளக்குச் சரம் கட்டும் பிள்ளைகளே! இவ்வாண்டு தீபாவளிக்கு உங்கள் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினீர்கள்? லயத்தில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது எந்த ஆண்டு? அதற்கு முன் தீபாவளி இரவில் என்ன விளக்கு ஏற்றினீர்கள்? அவர்கள் சொல்வதை ஒரு தாளில், தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். மின்சார வாரியத்தின் வரலாறு அச்சில் இருக்கிறது. லயத்து வெளிச்சத்தின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. பால்மரங்கள் போய்விட்டன, லயங்களும் பல இடங்களில் போய்விட்டன. சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.